காத்து: பைக்குக்கு ஐந்து ரூபாய்

புதுவயலிலிருந்து காரைக்குடி போகிற சாலையில்
ரைஸ்மில் புகைபோக்கி தெரிகிற வளைவில் என் கடை.
பஞ்சர் ஒட்டுவேன், காத்து அடிப்பேன்.
சைக்கிளுக்கு இரண்டு, பைக்குக்கு ஐந்து,
லாரிக்கு ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்வது.

பலகை எழுத வந்த சேவுகமூர்த்தி
தூரிகையை டர்பன்டைனில் முக்கியபடி கேட்டார்:
"காற்றா, காத்தா?
எழுத்துல காற்றுன்னுதான் வரும்."

ஆடி மாசம்.
பேசிய பேச்சு பேசியவர் வாய்க்கே திரும்பும் அடி.
முந்தின ராத்திரி மில் களத்துத் தார்ப்பாய் ஒன்று
பறந்து வந்து என் கம்ப்ரஸர் மேல்
சினைமாடு மாதிரிப் படுத்துக் கிடந்தது.
அதுவும் காத்து.

வாரம் முழுக்க ஒரு வண்டி வரவில்லை.
"என்ன, கடை காத்து வாங்குது?" என்றார்
எதிர் டீக்கடைக்காரர்.
நான் விற்கிற ஒரே சரக்கு அது,
வாங்குகிற ஒரே ஆள் என் கடை.

கடையைப் போட்டது அடைக்கலம்.
நாலு வருஷத்துக்கு முன்னால்
"புழுக்கமா இருக்கு, காத்து வாங்கிட்டு வாரேன்" என்று
சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.
காத்து வாங்கப் போகிறவருக்குச் சட்டை எதற்கு?
அப்போதே கேட்டிருக்கலாம்.

சீட்டுப் பணம் காத்தோடு போனது.
திருப்பூரில் பார்த்தேன், சிராவயல் சந்தையில் பார்த்தேன் என்று
காத்துவாக்கில் சேதி வரும்.
காத்து கருப்பு என்று குறி சொன்னார்கள்.
ஓடிப்போனவர் அவர்,
வேப்பிலை அடித்தது எனக்கு.
காத்துள்ள போதே தூற்றிக்கொள்ளத்
தெரிந்த ஊர் இது.
நெல்லோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

முதல் மாசம் பெல்ட் அறுந்து
புறங்கையில் வரி வைத்தது, இன்னும் இருக்கிறது.
பிறகு பழகிவிட்டது:
முள் முப்பதைத் தொட்டால் குழாயை எடுத்துவிட வேண்டும்,
ஆசைப்பட்டால் டியூப் வெடிக்கும்.
காத்தை யார் பிடிக்க முடியும் என்பார்கள்.
நான் பிடிக்கிறேன்.
வால்வு என்று ஒன்று இருக்கிறது.

போன மாசம் சென்னைக் கார் ஒன்று,
கானாடுகாத்தானில் வீடு பார்க்கப் போகிறவர்கள்.
"நைட்ரஜன் இருக்கா?"
"காத்துதான் இருக்கு."
நாற்பத்திரண்டு ஜன்னலாம் அந்த வீட்டுக்கு,
திறந்தால் காத்து பிய்த்துக்கொண்டு போகுமாம்,
திறக்கத்தான் ஆளில்லையாம்.
ஆணியைப் பிடுங்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
இருநூறு கொடுத்து மிச்சம் வேண்டாம் என்றார்.
"இப்ப ஒம்பக்கம் அடிக்குது காத்து"
என்றார் டீக்கடைக்காரர்,
பழைய பாக்கி முப்பதைக் கேட்பதற்கு முன்.

"சொல்லுத்தா, பெயிண்ட் காயுது."

ஸ்கூட்டிக்குக் காத்து அடிக்க நின்றிருந்த
உமையாள் டீச்சர் எட்டிப் பார்த்தார்.
"காற்றுதான் சரி. காத்துன்னா வேற அர்த்தம்.
காவல் காத்து,
வழி பார்த்துக் காத்து, அப்படி."
சொல்லிவிட்டுச் சில்லறை தேடினார்.
கைப்பையில் ரொம்ப நேரம் தேடினார்.

"காத்துன்னே எழுதுங்க" என்றேன்.

"கீழே? உரிமையாளர் அடைக்கலம்?"
"பாண்டிமீனாள்."
அவர் அதற்கு இடம் விட்டிருக்கவில்லை.
கடைசி ள்
பலகை ஓரத்தில் ஒருக்களித்து நின்றது,
பஸ் படியில் தொங்குகிறவன் மாதிரி.

ஈரம் காய்வதற்குள்
சாலைப் புழுதியில் ஒரு கை அள்ளி
எழுத்தின் மேல் அறைந்துவிட்டுப் போனது அது.
சேவுகமூர்த்தி அவர் வேலையைக் கெடுத்ததற்காக
அதன் அம்மாவை இழுத்துத் திட்டினார்.
துடைக்க வந்தவரை வேண்டாம் என்றேன்.

இப்போது தடவிப் பார்த்தால்
த் மட்டும் சொரசொரவென்று இருக்கிறது.